பின்சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்

ஜூன் 5, வியாழன்

வண்டிக்குச் செய்த வேலைகளைத் தேதி போட்டு எழுதிவைப்பது என் வழக்கம். ஆயில் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் இந்த டைரியில் உண்டு. இன்றைய வேலை: பாட்டுக்குக் கனமான அடி கொடுக்கிற சப்வூஃபர் பொட்டியும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டியாயிற்று.

மாட்டியவன் என் தம்பி கோமதிநாயகம். ஆறு வருஷம் திருநெல்வேலியில் இன்னொருத்தர் கடையில் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டிக்கொண்டிருந்தவன், போன மாதம் தென்காசியில் ‘கோமதி ஆடியோஸ்’ என்று சொந்தமாக போர்டு தொங்கவிட்டிருக்கிறான். முதல் வண்டி என் வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். நிற்காமல் என்ன செய்வான்? அப்பா போனபிறகு பிளஸ் டூவைப் பாதியில் விட்டு ஸ்டியரிங் பிடித்து அவனை ஐ.டி.ஐ. படிக்கவைத்தவன் நான்.

காலையிலிருந்து எங்கள் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வேலை. பின்சீட்டைக் கழற்றினான். உப்புத்தாளை எடுத்து வண்டித் தரையில் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தானே பார்க்கலாம், ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“எலே, என்னல பண்ணுத? வண்டி எடுத்து எட்டு மாசம்தான் ஆவுது!”

“எர்த் வயர் மாட்டணும்ண்ணே. பெயிண்ட் மேல மாட்டுனா கரண்டு திரும்பிப் போவாது. பச்சை இரும்பு தெரியணும். ஆம்ப் குடிக்கிற கரண்டு பூராவும் இந்த ஒரு போல்ட் வழியாத்தான் திரும்பும், பாத்துக்க.”

ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சுரண்டி, வயரை வைத்து முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனான். ஒன்றரைக்கு ராகுகாலம் வருகிறது, அந்த நினைப்பே அவனுக்கு இல்லை. புதுச் சாமான் ஏறுகிற வண்டிக்கு ஒரு சந்தனம் குங்குமம் வேண்டாமா? பொட்டிக்கு வைத்தேன். ஆம்ப்புக்கு வைத்தேன். எல்லாக் கரண்டும் அந்த ஒரு போல்ட் வழியாகத்தான் என்றால் முக்கியமான இடம் அதுதானே! ஸ்பானர் பக்கத்திலேயே கிடந்தது. போல்ட்டைக் கழற்றினேன். சுரண்டிய இடத்தில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, வயரை மறுபடி பொருத்தி முடுக்கிவிட்டேன்.

கோமதி வந்து சீட்டைப் போட்டு மூடினான். நான் சொல்லிக்கொள்ளவில்லை. சாமி காரியத்துக்கு இவனிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ன?

பாட்டு போட்டதும் ஸ்டாண்டே திரண்டு வந்துவிட்டது. நெஞ்சுக்குள் இடிக்கிற அடி. நன்றாகத்தான் செய்திருக்கிறான், அதை நான் மறுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது. விருதுநகர்ப் பார்ட்டி ஒன்று, ஆறு பேர். பழைய அருவிக்குப் போகிற வழியில் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன். கனமான அடி விழுகிற இடத்தில் பொட்டி பொக்கென்று அடங்கிவிட்டது. ஆம்ப்பில் சிவப்பு விளக்கு. மூன்று எண்ணுவதற்குள் திரும்ப வந்தது. மறுபடி அடங்கிற்று.

“என்ன டிரைவரண்ணே, உங்க பாட்டுக்கு விக்கல் எடுக்குது?” என்று ஒரு பயல் கேட்க, வண்டி முழுக்கச் சிரிப்பு. மானம் போயிற்று. கோமதிக்கு போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

விடிந்ததும் வந்தான். பேட்டரி பக்கத்து ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தான், மாற்றினான். முன்னாலிருந்து ஆம்ப்பை எழுப்புகிற சின்ன வயரைப் பார்த்தான், அதையும் மாற்றினான். கரண்டு மீட்டரை வைத்து எதையோ அளந்து தலையைச் சொறிந்தான். நிறுத்திவைத்துப் போட்டால் ஒழுங்காகப் பாடுகிறது. ரோட்டில் ஏறிச் சத்தத்தைக் கூட்டினால் நின்றுவிடுகிறது.

“கரண்டு பத்தாமத்தாண்ணே ஆம்ப் தன்னையே அணைச்சிக்கிடுது. எங்க குறையுதுன்னுதான் தெரியல. கண்டுபிடிச்சிருவேன்.”

“கண்டுபிடி, கண்டுபிடி. அதுவரைக்கும் நான் வாயால பாடிட்டுப் போறேன்.”

ஜூன் 12

செங்கோட்டை செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். பொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க கோமதி ஆடியோஸ் கோமதிக்கு அண்ணனா? நல்ல வேலக்காரப் பயலாம்லா. எங்க எஸ்.ஐ. சொன்னாரு” என்றார்.

பதினெட்டு வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறேன். இதுவரை அவன்தான் பரமசிவம் தம்பி. கடை திறந்து ஒரு மாதம் ஆகவில்லை, நான் கோமதிக்கு அண்ணனாகிவிட்டேன்.

ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அச்சன்கோவில் போய்த் திரும்பும்வரை மனசு ஆறவில்லை.

ஜூன் 14, சனி

இரண்டாவது சனிக்கிழமை, நல்ல சவாரி. பாட்டு அதே லட்சணம்தான்.

சாயங்காலம் கோமதி வந்து, பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்கு வருகிற சிவப்பு வயரை இன்னும் கனமானதாக மாற்றினான். பிறகு ஆம்ப்பையே கழற்றிவிட்டுக் கடையில் விற்க வைத்திருந்த வேறொன்றை மாட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். அதுவும் நின்றது. முகம் செத்துப்போயிற்று அவனுக்கு. பழைய ஆம்ப்பை மறுபடி மாட்டும்போது விஷயத்தைச் சொன்னான்.

குற்றாலத்தில் எட்டு டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிற ஆறுமுகநயினார் அண்ணாச்சி, எட்டுக்கும் செட் மாட்ட ஆள் தேடுகிறாராம். எட்டு வேனும் கோமதிக்குக் கிடைத்தால் கடை காலூன்றிவிடும். கிடைக்காவிட்டால் கடையே இல்லை. இருந்ததையெல்லாம் சாமான் வாங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அண்ணாச்சி ஒரே நிபந்தனை சொல்லியிருக்கிறார்: இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில் குற்றாலத்திலிருந்து அச்சன்கோவில் வரை வருவாராம். வழியில் பாட்டு நிற்கக் கூடாது.

“ஒன் வண்டிதாண்ணே என் சர்ட்டிபிகேட்டு” என்றான்.

ஜூன் 15

சாரல். பாட்டு பதினொரு தடவை நின்றது. எண்ணினேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆவணியில் இரண்டாவது வண்டி எடுப்பதாக இருக்கிறேன். ஓட்ட ஆள் வேண்டுமே. ஊரான் டிரைவரை நம்பி வண்டியைக் கொடுத்தால் டீசலைக் குடித்துவிடுவான். சொந்த ரத்தம் மாதிரி வருமா? கோமதிக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்ததே நான்தான். கடை கிடை என்று அலைவதைவிட, அண்ணனோடு ஒரு வண்டி, ஒரே வீட்டுச் சாப்பாடு, அவனுக்கும் நல்லது.

சாப்பிடும்போது இதைச் சொல்லிவிட்டு, பாட்டு பதினொரு தடவை நின்ற கதையையும் சொன்னேன். என் வீட்டுக்காரி உலகம்மாள் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, தம்பி தோத்துப்போனா ஒங்களுக்கு என்னத்துக்கு இவ்வளவு சந்தோசம்?”

நான் எங்கே சந்தோஷப்பட்டேன்? நடந்ததைச் சொன்னேன். பெண்களிடம் வண்டி விஷயம் பேசவே கூடாது.

ஜூன் 19, வியாழன்

காலையில் கோமதி போன் செய்தான். “எல்லாம் பாத்தாச்சுண்ணே. எர்த் மட்டும்தான் பாக்கல. அத நானே சுரண்டி நானே முடுக்குனதுனால அது மேல சந்தேகமே வரல. நாளைக்கு வந்து சீட்டக் கழத்திப் பாத்துருதேன்.”

போனை வைத்த பிறகுதான் எனக்கு அந்தச் சந்தனம் நினைவுக்கு வந்தது. சவாரி இல்லாத நேரம் பார்த்து நானே சீட்டைக் கழற்றினேன்.

போல்ட்டை எடுத்ததும் தெரிந்துவிட்டது. சந்தனம் காய்ந்து வில்லை வில்லையாக ஒட்டியிருக்கிறது. சாரல் ஈரத்தில் அதற்கடியில் இரும்பு துருவேறிவிட்டது. வயர் இரும்பில் படவே இல்லை, ஓரத்தில் ஏதோ ஒரு நூல் இடத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. கரண்டு எங்கே குறைகிறது என்று அவன் பத்து நாளாகத் தேடுகிறானே, இங்கேதான். என் விரல் தடம் அச்சாக அப்படியே இருக்கிறது.

உட்கார்ந்து யோசித்தேன். நாளை அவன் வருவான், பார்ப்பான், சிரிப்பான். கெட்ட மனசு இல்லை அவனுக்கு, சும்மாதான் சிரிப்பான். ஆனால் ஸ்டாண்டில் சொல்வான். போல்ட்டுக்குச் சந்தனம் பூசினவன் என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். சாகிறவரை போகாது. அவனுக்கு எட்டு வேனும் கிடைக்கும். எனக்குப் பட்டப்பெயர் கிடைக்கும்.

சுரண்டிச் சுத்தம் செய்ய இரண்டு நிமிஷம் போதும். செய்யவில்லை. வெளியே பிதுங்கித் தெரிந்த சந்தனத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன். வயரை அப்படியே வைத்து முடுக்கிவிட்டு அவனுக்கு போன் செய்தேன்.

“நீ வர வேண்டாம்ல. நானே சீட்டக் கழத்தி எர்த்தப் பாத்துட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கு.”

“நல்லா பாத்தியாண்ணே? துரு கிரு ஒண்ணும் இல்லையே?”

“ஏன், என் கண்ணு அவிஞ்சா போச்சு?”

“சே, இல்லண்ணே. நீ பாத்தாச் சரிதான்.”

 

ஜூன் 22, ஞாயிறு

நயினார் அண்ணாச்சி முன்சீட்டில். கோமதி பின்சீட்டில், மடியில் மீட்டர், கையில் டார்ச். புதுச் சட்டை போட்டிருந்தான். இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

செங்கோட்டை தாண்டும்வரை ஒன்றுமில்லை. சத்தம் குறைவு. அண்ணாச்சி தலையை ஆட்டி ரசித்துக்கொண்டு வந்தார். கோமதி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். மலை ஏற்றத்தில் அண்ணாச்சி, “நல்லா கூட்டு பரமசிவம், வேன்ல வார பயலுவ இதுக்கு மேலயும் கேப்பானுவ” என்றார். கூட்டினேன்.

பொக்.

மூன்று எண்ணினேன், வந்தது. அடுத்த வளைவில் மறுபடி. அதற்கடுத்த வளைவில் மறுபடி. கோமதி பொட்டிமேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டான். வயரை ஆட்டினான், மீட்டரைக் குத்தினான். வியர்த்து, புதுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு நாள் குடுங்க. கண்டுபிடிச்சிருவேன். என் வேலையில இப்படி ஒரு தடவ கூட ஆனதில்ல அண்ணாச்சி.”

அண்ணாச்சி நல்ல மனுஷர், அதட்டவில்லை. “தம்பி, கூடப்பிறந்த அண்ணன் வண்டியவே ஒழுங்கா பண்ணலையே. என் வேன்ல ஊரான் பிள்ளைகள்லா வருது” என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார்போல.

சொன்னேன். “நானும் அப்பவே சொன்னேன் அண்ணாச்சி. இவனுக்கு வாய்தான் ஜாஸ்தி.”

கண்ணாடியில் கோமதி தெரிந்தான். என்னைப் பார்க்கவில்லை. மீட்டரின் வயரைச் சுற்றிச் சுற்றி மடித்துக்கொண்டிருந்தான். அச்சன்கோவில் வரை போகவே இல்லை. பாதியில் திருப்பச் சொல்லிவிட்டார்.

ஜூன் 23

முன்பக்க டயர் இரண்டுக்கும் காற்று பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. “தம்பிகிட்ட செட் போடலாம்னு இருக்கோம், எப்படி?” என்றால் பொய்யா சொல்ல முடியும்? ரோட்டில் ஒரு சுற்று கூட்டிப்போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். நின்றது. போய்விட்டார்கள். இந்த வாரத்தில் மூன்று பேர்.

சாயங்காலம் கோமதி வந்தான். காய்ச்சல்காரன் மாதிரி இருந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“அண்ணே, ஒன்ன நம்பாம கேக்கல. ஒரே ஒரு தடவ நானே அந்த எர்த்தப் பாத்துக்கிடட்டுமா? என் மனசு சமாதானத்துக்கு.”

எனக்குத் திக்கென்றது.  அந்தப் பயமே கோபமாக வெளியே வந்தது.

“அப்ப நான் பொய் சொல்லுதேனா? அப்பா ஸ்தானத்துல இருந்து ஒன்ன வளத்தவன் பொய் சொல்லுதேன்! பாரு, தாராளமா கழத்திப் பாரு. பாத்துட்டு இந்தப் பக்கம் தலவச்சிப் படுக்காத.”

ஸ்பானரை அவன் காலடியில் விட்டெறிந்தேன். ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்தார்கள். அவன் குனிந்து ஸ்பானரை எடுத்தான். துடைத்தான். டிக்கியில் டூல்பையைத் திறந்து அதன் இடத்தில் வைத்துவிட்டு, “தப்புதாண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் மட்டும் இன்று சீட்டைக் கழற்றியிருந்தால்? கழற்றமாட்டான். எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் ஸ்பானரை எறிந்தேன்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. அதற்கு முன்னால் கடையைக் காலி செய்துவிட வேண்டும் என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டாராம். சாமான்களைத் திருநெல்வேலி முதலாளியே வந்தவிலைக்கு எடுத்துக்கொண்டார். போர்டைக் கழற்றி ஏற்றிக்கொண்டுவர என் வண்டிதான் போயிற்று. பின்சீட்டில் நீளவாக்கில் வைத்தோம். கண்ணாடியில் ‘கோமதி’ இடம் வலம் மாறித் தெரிந்தது.

உலகம்மாள் போர்டை வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தாள். 

ஜூலை 20, ஞாயிறு

வண்டி ஓட்ட வருவதாகச் சொல்லிவிட்டான். நான் கூப்பிட்டேன், உடனே சரி என்றான். கொஞ்சம் யோசிப்பான், இரண்டு நாள் முறுக்கிக்கொள்வான் என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் அவன் ஊருணிப் பக்கம் குளிக்கப் போயிருந்தபோது சீட்டைக் கழற்றினேன். சந்தனத்தைச் சுரண்டி, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயரை முடுக்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சத்தத்தை முழுசாக வைத்தேன். வாசல் மரத்துக் காக்காயெல்லாம் எழும்பிப் பறந்தன. நிற்கவே இல்லை. அருமையான செட். என்ன வேலை செய்திருக்கிறான் பயல்!

குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மூன்று பாட்டு முடியும்வரை நின்று கேட்டான்.

“யாருண்ணே சரி பண்ணது?”

“மதுரையில ஒருத்தன். நேத்து சவாரி போனேன்லா, அங்க.”

“என்னவாம்ண்ணே? எங்க கோளாறாம்?”

அவன் முகத்தில் இருந்த ஆசையை நான் பார்த்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட, பதிலுக்காகக் காத்திருந்தான்.

“அத ஒன்கிட்ட சொல்லி என்னத்துக்கு? ஒனக்குப் புரியாது.”

“அதுவும் சரிதாண்ணே” என்றான்.

ஆகஸ்ட் 12

என் வண்டியை அவன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பழக்குகிறேன். நன்றாகத்தான் ஓட்டுகிறான். ஆனால் மழை வந்தால், “வைப்பர் போடட்டுமாண்ணே?” என்று கேட்கிறான். லாரியை முந்தும் முன், “போலாமாண்ணே?” ஹாரன் அடிக்கக்கூட என் முகத்தைப் பார்க்கிறான். சவாரிக்காரர்கள் பாட்டுக் கேட்டால் என்னையே போடச் சொல்கிறான். பட்டன்மேல் விரலே வைப்பதில்லை.

எரிச்சலாக இருக்கிறது. நான் கேட்டது ஒரு டிரைவர். இப்படி ஒருத்தனை நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புது வண்டி வந்தது. கோவில் வாசலில் பூஜை போட்டு ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தோம். கோமதி வாளியும் துணியுமாகக் கழுவிக்கொண்டிருந்தான். நயினார் அண்ணாச்சி தானே தேடிக்கொண்டு வந்தார்.

“பரமசிவம், என் எட்டு வேனையும் வெளியூர்ப் பய ஒருத்தன் நாசம் பண்ணிப்புட்டான். பூரா வயரும் கருகிக் கெடக்கு. திருநவேலியில ஒன் தம்பி வேல பாத்த முதலாளியப் போய்ப் பாத்தேன். அவனமாரி கை இந்தச் சீமையில கெடயாதுங்காரு. ஒன் வண்டியில வந்தது வேற என்னவோ கோளாறா இருக்கும், பயலக் கூப்பிடுங்காரு. எட்டையும் அவன்கிட்டயே குடுத்துருதேன். கடையும் நானே வச்சிக் குடுக்கேன். என்ன சொல்லுத?”

 ஆமாம் அண்ணாச்சி, கோளாறு என்னால் வந்தது, அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சத்தியமாக, வாயைத் திறந்தேன். அதே சமயம், புது வண்டிக்கு டிரைவருக்கு எங்கே போவது என்றும் யோசித்தேன். அவன் இனிமேல் அந்த வேலைக்கு வரமாட்டான் அண்ணாச்சி என்று ஒரு பொய்யும் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. இரண்டில் எது வெளியே வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

அதற்குள் கோமதி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

“வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு அது வராது. அன்னைக்கு மல ஏறயில நீங்களே பாத்தீங்கள்லா. மொதலாளி என் மேல உள்ள பிரியத்துல சொல்லுதாரு. மதுரையில ஒருத்தரு இருக்காரு, கெட்டிக்காரரு. நான் பதினஞ்சு நாளா முட்டுன கோளாற ஒரே நாள்ல சரி பண்ணிட்டாரு. அவரக் கூப்பிடுங்க. அண்ணன்கிட்ட நம்பர் இருக்கும்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “அப்படியா? நம்பர் வச்சிருக்கியா?”

“தேடித் தாரேன் அண்ணாச்சி” என்றேன்.

அவர் போய்விட்டார். கோமதி வாளியை எடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினான். டேய் என்று கூப்பிட்டேன். நின்றான்.

“என்னண்ணே?”

அவன் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. அடுத்த வேலை என்ன என்று கேட்கிற முகம்.

“ஒண்ணுமில்ல. பின்கண்ணாடியில தண்ணி நிக்கி. தொடச்சிரு.”

“சரிண்ணே” என்றான். துடைத்தான்.